ஒரு ரிங்குக்கு மேலே

கரண்டு நாலு மணிக்குப் போகும், ஆறு மணிக்கு வரும். பெரம்பலூரில் பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. தெரிந்திருந்தும் மங்கையர்க்கரசி போனைச் சார்ஜில் போட மறந்துவிட்டாள். இன்றைக்குப் பார்த்தா மறக்க வேண்டும்? எடுத்து ஒரு பொத்தானை அமுக்கினாள். திரையில் நீலக் கடல், கரையில் இரண்டு தென்னை மரம், ஓரத்தில் சார்ஜ் காட்டுகிற கோடுகளில் அடியில் ஒன்று மட்டும் மிச்சம். பார்த்த பாவத்துக்கே அதிலும் கொஞ்சம் கரைந்திருக்கும். கலர் போன் அப்படித்தான், வீட்டுக்கார அம்மா தங்கபாப்பு அக்கா போன் வந்த அன்றைக்கே சொன்னாள், "கலரு போனுன்னா சும்மாவாடி, சினிமா கொட்டாய் மாதிரி, ஓட்டுனா கரண்டு திங்கத்தானே செய்யும்" என்று. தங்கபாப்பு அக்காளிடம் இருப்பது கறுப்பு வெள்ளை. கீழே விழுந்தாலும் எழுந்து நிற்கும், நாலு நாளைக்குச் சார்ஜே வேண்டாம். இது அப்படி இல்லை. வெயிலில் கொண்டுபோனால் ஒன்றுமே தெரியாது, உள்ளங்கையைக் குவித்து நிழல் கட்டி, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தாலும் தானாக அணைந்துபோகும். அணைந்தது. அமுக்கிப் பார்க்கலாமா என்று விரல் துறுதுறுத்தது. வேண்டாம், ஐந்தரை வரைக்கும் உயிரோடு இருக்கட்டும். ஐந்தரைக்கு அவன் ரிங் வரும். இத்தனை நாள் எடுக்காத ரிங்கை இன்றைக்கு எடுக்கப்போகிறாள். எடுத்து ஒரே ஒரு வார்த்தை சொல்லப்போகிறாள். வந்துருங்க. அவ்வளவுதான். அதைச் சொல்வதற்குள் இந்தச் சனியன் செத்துத் தொலைந்துவிட்டால் என்ன செய்வது?

மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. போனை முந்தானையில் முடிந்துகொண்டு படியேறினாள். ஒற்றை ஆள் துணி, அதற்கு ஒரு கொடிகூட அதிகம்தான். இரண்டு புடவை, இரண்டு பாவாடை, ஒரு துண்டு. புருஷன் கலியமூர்த்தியின் சட்டை ஒன்றையும் மாதத்துக்கு ஒருதரம் துவைத்துக் காயப்போடுவாள். அழுக்கா படுகிறது? பெட்டிக்குள் இருக்கிற சட்டை. ஆனாலும் கொடியில் ஓர் ஆண்சட்டை தொங்கினால் தெருவுக்குப் பதில் சொன்னமாதிரி இருக்கும். போன தடவை லீவில் வந்தபோது விட்டுப்போனது, கழுத்துப் பட்டையில் அவன் வாசம் இருந்தது, துவைத்துத் துவைத்து இப்போது சோப்பு வாசம். ஏன் துவைத்தோம் என்று பிறகு நினைத்து அழுதிருக்கிறாள். புத்தி கெட்டவள்தான். அவன் அனுப்பிய கோடாலித் தைலத்தை நெற்றியில் தேய்த்தால் அவன் வாசம் வருமா என்று பார்த்தாள், எரிந்ததுதான் மிச்சம். அந்தத் தைலத்தோடும் பூப்போட்ட கம்பளியோடும்தான் இந்தப் போனும் வந்தது. சிறுவாச்சூர்க்காரர் ஒருவர் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவர் கொண்டுவந்து கொடுத்தார். அங்கே இதெல்லாம் சல்லிசு, இங்கே கிடைக்கிற கறுப்பு வெள்ளை விலைக்கு அங்கே கலரே கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். அன்றைக்குத் தெருவே வந்து பார்த்தது. கடலும் தென்னையும் பளிச்சென்று வந்ததும், இதுதான் அவர் இருக்கிற ஊர் என்று நினைத்துவிட்டாள், நினைத்ததோடு விட்டாளா, எல்லோருக்கும் காட்டினாள். எங்க வீட்டுக்காரர் இருக்கிற எடம், பாத்தீங்களா, எவ்வளவு குளிர்ச்சி என்று. அந்த வாரம் வெள்ளிக்கிழமை போனில் அவனிடம் சொன்னபோது அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது பார், அடக்க மாட்டாத சிரிப்பு. "அடி மக்கு, அது கம்பெனிக்காரன் போட்ட படம்டி. இங்க எங்க தென்னை இருக்கு? மண்ணு. வெறும் மண்ணு. எளம்பலூர் ஏரி காஞ்சு கெடக்குமே, அத மாதிரி எங்க பாத்தாலும்." படத்தை மாற்றுவதற்கு வேறு படமும் போனுக்குள் இருந்தது, பூ, கார், நாய்க்குட்டி. அவள் மாற்றவில்லை. அவன் அங்கே இல்லை என்று தெரிந்த பிறகும், அவனை அந்தத் தென்னைக்குக் கீழே உட்கார வைப்பதில் யாருக்கு என்ன நட்டம்?

துணியை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கும்போது கீழ்வாசலில் தங்கபாப்பு அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "என்னாடி, பூசைக்கு நேரமாயிருச்சா?" என்றாள். ஐந்தரை ரிங்குக்கு அவள் வைத்த பேர் பூசை. "மணி அடிக்கும், சாமி வராது" என்று அதற்கு ஒரு பின்பாட்டு வேறு. மங்கை சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது, வாடகை வீடு. அக்காள் கெட்டவள் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். மாமியார் வாய்க்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. மாமியார் ஊரிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கினவள், ஐந்தரைக்குப் போன் மணி அடித்ததையும், மருமகள் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும், பிறகு தானும் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணியதையும் பார்த்துவிட்டு, "இதென்ன குடித்தனம்? போன்லயே புள்ளயும் பெத்துக்குவீங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தாள். அந்த வார்த்தை இன்னும் இந்த வீட்டில் எங்கேயோ இருக்கிறது. பாத்திரம் துலக்கும்போது வரும், தலை சீவும்போது வரும். கல்யாணமாகி எட்டு வருடம், அதில் அவன் கூட இருந்த நாளை எல்லாம் சேர்த்துக் கட்டினால் ஒரு பயிர் விளைகிற காலம்கூட ஆகாது. பயிரே விளையாத காலத்தில் பிள்ளை எப்படி விளையும் என்று அந்தக் கிழவியிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவளுக்கு எப்போதுமே பதில் மறுநாள்தான் வரும்.

போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு, அன்றைக்கு மட்டும் கார்டு போட்டுப் பேசுவான், நிஜக் குரலில். பேசினான். மாவு அரைத்தாயா, மழை உண்டா, அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் வைக்கப்போகிற நேரத்தில், "இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்லிக் கேக்குறாங்க மங்க. என்ன சொல்லுற?" என்றான். அவள் "ம்" என்றாள். ம் என்றால் என்ன அர்த்தம்? சரி என்றா, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றா, ஐயோ என்றா? அவளுக்கே தெரியாது. தொண்டைக்குள்ளிருந்து அது ஒன்றுதான் வந்தது. "யோசிச்சு சொல்லு, அடுத்த வெள்ளிக்குப் பேசுவோம்" என்றான். வைத்த பிறகு வந்தது பதில், ஒன்றல்ல நூறு, அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து சுவரிடம் சொன்னாள். வேண்டாங்க. போதுங்க. எனக்குக் கம்பளி வேண்டாம், சென்ட் வேண்டாம். கூழைக் குடித்தாலும் கூடிக் குடிப்போம் என்று சும்மாவா சொன்னார்கள்? ராத்திரி எலி ஓடினால்கூட எழுப்ப ஆள் இல்லை எனக்கு. காய்ச்சல் வந்தால் நானே கஞ்சி வைத்து நானே குடித்து நானே கழுவி வைக்கிறேன். வந்துருங்க. எல்லாவற்றையும் வடிகட்டினால் கடைசியில் நிற்பது அந்த ஒன்றுதான். கேட்டான் அல்லவா? கேட்டவனுக்குச் சொல்ல வேண்டும் அல்லவா? கேட்காமலே முடிவு பண்ணுகிற ஆண்பிள்ளைகள் எத்தனை பேர், இவன் என்ன சொல்லுற என்று கேட்டான். அந்தக் கேள்வியையே இந்த ஐந்து நாளும் வாயில் கற்கண்டுபோல அடக்கிக்கொண்டு திரிகிறாள்.

வெள்ளி வரைக்கும் பொறுத்திருக்கலாம்தான். பொறுத்துத்தான் இருந்திருப்பாள். ரிங் மட்டும் மாறாமல் இருந்திருந்தால். ரிங் மாறிவிட்டது, சனிக்கிழமையிலிருந்து. வேறு யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள், ரிங்கில் என்னடி மாற்றம் என்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? இந்தப் போனில் ஆளுக்கொரு பாட்டு வைக்கலாம். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் கடை வைத்திருப்பவர் கலியமூர்த்தியின் நம்பருக்கு மட்டும் ஒரு புல்லாங்குழல் மெட்டு வைத்துக் கொடுத்தார். ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால் அதில் மூன்று சுரம் வரும். தி, ரி, தீ. அவ்வளவுதான், நாலாவது வருமுன் நின்றுவிடும். அந்த மூன்று சுரம் வந்தால், ரூமுக்கு வந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். இவள் திருப்பி ஒன்று விட்டால், நானும் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். எடுக்கக் கூடாது. எடுத்தால் அவன் உழைத்த காசு போகும். போன் வந்த புதிதில் ஒருதரம் ஆசையில் எடுத்துவிட்டாள், "என்னங்க" என்று சொல்லி முடிக்கவில்லை, "எடுக்காதடீ!" என்று ஒரு கத்தல். புருஷனை ஆசையாகக் கூப்பிட்டதற்குத் திட்டு வாங்கிய ஒரே பெண்டாட்டி உலகத்தில் அவளாகத்தான் இருப்பாள். அப்புறம் பல நாள், ரிங் வருகிற நேரத்தில் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொள்வாள், எங்கே கை தானாக எடுத்துவிடுமோ என்று. எடுக்காமல் இருப்பதுதான் அன்பு என்று பழகப் பழகப் புரிந்துவிட்டது. கையைக் கட்டிப்போட்டார்களே தவிரக் காதைக் கட்டவில்லையே? காது படிக்க ஆரம்பித்தது. மூன்றாவது சுரம் வெட்டுப்பட்டு வந்தால் அலுப்பு. முழுதாக வந்தால் மனசு நன்றாக இருக்கிறது. நேரம் தள்ளி வந்தால் கோபம், அல்லது யாரோடோ பேச்சில் நின்றுவிட்டான். போன தீபாவளிக்கு மூன்றாவது சுரம் இழுத்துக்கொண்டு போய் ஒரு மூச்சு நின்று அப்புறம் கட்டானது. அன்றைக்கு அதைக் கேட்டுவிட்டு அடுப்பில் எண்ணெய் புகைவதுகூடத் தெரியாமல் நின்றாள். தனியாக உட்கார்ந்து தீபாவளி கொண்டாடுகிறவளுக்கு அந்த ஒரு மூச்சு, பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. மாசி மாதம் இவளுக்குக் காய்ச்சல் கண்டபோது திருப்பி விடுகிற ரிங் ரொம்ப நேரம் தள்ளிப்போனது, மறுநாள் அந்தப் பக்கத்து ரிங் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. தவித்துப் போயிருக்கிறார் மனுசன் என்று புரிந்தது. வெள்ளிக்கிழமை வாயைத் திறந்து பேசினால் மழை உண்டா மாவு அரைத்தாயா என்று எட்டி நிற்கிறவன், ரிங்கில் வரும்போது மட்டும் கிட்ட வருகிறான். சில ஆண்கள் அப்படித்தான், வாயால் வராது. அவள் வெள்ளிக்கிழமையைவிட மற்ற நாளைத்தான் விரும்பினாள், உண்மையைச் சொன்னால்.

சனிக்கிழமை நாலாவது சுரம் வந்தது. அவள் வாழ்நாளில் கேட்காத சுரம். ஏதோ தவறி விழுந்தது என்று நினைத்தாள். ஞாயிறும் வந்தது. திங்களன்று ஐந்தாவதும் வந்தது. தன் புருஷன் பாட்டில் இப்படி ஓர் இறக்கம் இருப்பது இத்தனை காலம் தெரியாமல் போயிற்றே என்று ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு முணுமுணுத்துப் பார்த்தாள். நேற்று ஐந்தும் வந்து ஆறாவதும் தலைகாட்டியது. இதற்கு என்ன அர்த்தம்? வெள்ளிக்கிழமை கேட்டான், சனிக்கிழமையிலிருந்து நீட்டுகிறான். இத்தனை காலம் அவனைக் காதால் படித்தவளுக்கு இதுகூடவா தெரியாது? எடு என்கிறான். பதில் சொல் என்கிறான். வெள்ளி வரை தாங்காது என்கிறான். வாய்விட்டுச் சொன்னால் மானம் போய்விடும், அதனால் கட் பண்ணாமல் வைத்துக்கொண்டு நிற்கிறான், அவள் எடுத்தால் பேச, எடுக்காவிட்டால் சும்மா நீண்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ள. அல்லது, அல்லது வேறு ஏதாவதா? உடம்புக்கு ஏதும்? கீழத்தெருவில் ஒருத்திக்கு அப்படித்தான் வழக்கமில்லாத நேரத்தில் வந்தது, துபாயிலிருந்து, எடுத்தால் வேறு யாரோ பேசினார்கள், அப்புறம் பெட்டிதான் வந்தது. சீ, என்ன நினைப்பு இது, விளக்கு வைக்கிற நேரத்தில். இஷ்ட தெய்வத்தை எல்லாம் ஒரு சுற்றுக் கூப்பிட்டாள். மதுரகாளி, உனக்கு மாவிளக்குப் போடுகிறேன். இல்லை, உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கும், வெள்ளிக்கிழமை குரல் நன்றாகத்தானே இருந்தது? கொஞ்சம் கரகரத்ததோ? ஏ.சி.க் காற்று. வேலை இடம் மாறியதிலிருந்து ஏ.சி. என்று அவனே சொன்னான். ஏதோ கேஸ் கம்பெனி. நேரமெல்லாம் ஒன்றும் மாறவில்லை, நீ கவலைப்படாதே என்றும் சொன்னான்.

கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்தாள். கரண்டு இல்லாத வீடு தனிச் சத்தம் போடும், ஓட்டில் காகம் நடப்பது, குழாயில் சொட்டு விழுவது, தன் வயிறு இரைவது எல்லாம் கேட்கும். போனை மடியில் வைத்துக்கொண்டாள். அமுக்கிப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை, ஆனால் பார்க்கவில்லை என்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள். வந்துருங்க. சாதாரணமாகச் சொல்வதா, கெஞ்சலாகச் சொல்வதா? வந்துருங்க என்பதற்கு முன்னால் என்னங்க வேண்டுமா? என்னங்க சொல்வதற்குள் எடுக்காதடீ என்று கத்திவிட்டால்? கத்த மாட்டான், அவன்தானே எடுக்கச் சொல்கிறான். சொன்னானா? சொன்னமாதிரிதான். உள்ளங்கை வேர்த்தது, புடவையில் துடைத்தாள், மறுபடி வேர்த்தது. எட்டு வருடம் கழித்து முதலிரவுக்குப் போகிறவள் மாதிரி இதென்ன கூத்து என்று தன்னையே கடிந்துகொண்டாள். அவன் வந்தால் இந்த வீடு போதாது. இன்னொரு தலையணை வாங்க வேண்டும். அவனுக்குக் காரம் ஆகாது, அவளுக்குக் காரம் இல்லாமல் இறங்காது, இரண்டு குழம்பா வைக்க முடியும்? வைக்கலாம், அதற்கென்ன, நாள் முழுக்க வேறு என்ன வேலை. வந்து என்ன செய்வான்? ஏதாவது செய்வான், துறையூர் ரோட்டில் ஒரு பெட்டிக்கடை, எதுவோ. காலையில் போய்ச் சாயந்தரம் வருகிற ஆள். ஐந்தரைக்கு வாசலில் செருப்புச் சத்தம். செருப்புச் சத்தத்துக்கு அர்த்தம் தேட வேண்டாம், எட்டிப் பார்த்தால் போதும். தி.

மடி அதிர்ந்தது. ரி. நீலக் கடல் பளீரென்று எழுந்து அதன்மேல் அவன் பேர் ஆங்கிலத்தில். தீ. கட்டைவிரல் பச்சைப் பொத்தானில் போய் நின்றது, நின்றதே தவிர அமுங்கவில்லை, இத்தனை வருடப் பழக்கம் பின்னாலிருந்து கையைப் பிடித்தது. நாலாவது சுரம் வந்தது. ஐந்தாவது. இப்போது கட்டாகிவிடும், இப்போது, கட்டாகிவிட்டால் நாளை வரைக்கும், நாளை வரைக்கும் தாங்காது. அமுக்கினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "என்னங்க, நாந்தாங்க. வந்துருங்க. எனக்கு ஒண்ணும் வேணாம், நீங்க வந்துருங்க."

அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடியது. யாரோ செருமினார்கள். அப்புறம் ஒரு குரல், வயசான குரல், பதறிப்போய், "அய்யய்யோ... எடுத்துட்டியே தாயி!" என்றது.

காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். அவன் பேர்தான். கீழத்தெருக்காரி, பெட்டி, வேறு யாரோ பேசினார்கள். "யாரு? யாரு நீங்க? அவங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல தாயி, ஒண்ணும் ஆகல. மூர்த்தித் தம்பி கல்லுக் கணக்கா இருக்கான். வேலைக்குப் போயிருக்கான். நான் ரூம்ல கூட இருக்கவன். சவரிமுத்து, காளையார்கோயில் பக்கம்."

உயிர் திரும்பி வந்தது. மதுரகாளி, மாவிளக்கு உண்டு. ஆனால் வந்த உயிர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றது. "அவங்க போனு உங்ககிட்ட எதுக்குண்ணே இருக்கு?"

"அது கேஸ் கம்பெனில்ல தாயி. உள்ள போனு கொண்டு போகக் கூடாது. வாசல்லயே பிடுங்கிருவாங்க. தம்பி வர ராத்திரி ஆயிரும். நமக்கு ராத்திரி டூட்டி, பகல்ல ரூம்லதான் கெடப்பேன். இங்க நாலு மணிக்கு, உங்க ஊரு அஞ்சரைக்கு, ரிங் வரலைன்னா புள்ள பயந்துரும்ணே, நீங்க ஒண்ணு விட்டுருங்கன்னான். அதான் விடுறேன்."

"எப்ப இருந்து?"

"போன தீவாளிக்கு முந்தியே. வேலை மாறுனான்ல, அதுலருந்து."

தீபாவளிக்கு முந்தி. அப்படியானால் தீபாவளியன்று மூச்சு நின்ற அந்த மூன்றாவது சுரம். எண்ணெய் புகைந்தது. மாசியில் நேரத்துக்கு முன்னாலேயே வந்து தவித்தது. பொங்கலன்று இரண்டு தரம் விட்டது. அலுப்பு, கோபம், மனசு நன்றாக இருந்த நாள், எல்லாம், ஒன்றுவிடாமல் எல்லாம், காளையார்கோயில் பக்கத்துச் சவரிமுத்து. முகம் தெரியாத ஒரு மனுசனின் கட்டைவிரலோடு அவள் ஒரு வருடம் குடித்தனம் பண்ணியிருக்கிறாள். வெட்கம் காதுமடல் வரைக்கும் ஏறியது. சிரிப்பும் வந்தது, அதுதான் கொடுமை. மாவு அரைத்தாயா, மழை உண்டா என்று எட்டி நிற்கிற ஆள்தான் அவள் புருஷன். அவ்வளவுதான் அவன். கிட்ட வந்தவன் அவன் இல்லை. அவனும் பாவம்தான், பயந்துவிடுவாள் என்று நினைத்துத்தானே ஏற்பாடு பண்ணினான்? நினைத்தான், ஒருநாள் நினைத்தான், நினைத்துவிட்டு ஆள் வைத்துவிட்டான். அவள் கேட்டாள், கேட்காமல் இருக்க முடியவில்லை: "அப்ப இந்த வாரம் மட்டும் எதுக்குண்ணே நீட்டுனீங்க?"

"நீட்டுனேனா?" குரல் குழம்பியது. "அட, ஆமா. கட்டவெரல்ல கதவு நசுக்கிருச்சு தாயி, வெள்ளிக்கிழம. பெருசாக் கட்டுப் போட்டுருக்கு. செகப்புப் பொத்தான அமுக்க முடியல, தேடித் தேடி அமுக்குறேன். சங்கடமாப் போச்சா உனக்கு?"

போன் ஒருதரம் கீச்சென்றது. சார்ஜ் தீரப்போகிறது என்ற எச்சரிக்கை. எத்தனை கேள்வி பாக்கி, எதைக் கேட்பது. "அண்ணே, ரெண்டு வருசம் கூட இருக்கச் சொல்லிக் கேக்குறாங்களாமே. அவங்க என்ன சொல்றாங்க உங்ககிட்ட?"

"கேக்குறது என்ன தாயி, அதான் போன மாசமே கையெழுத்துப் போட்டாச்சே. ரூமுக்கே பிரியாணி வாங்கிக் குடுத்தான்..." அந்தக் குரல் அங்கே நின்றது. "உனக்குச் சொல்லலியா தாயி?"

சொன்னான். என்ன சொல்லுற மங்க என்று கேட்டான். பிரியாணி செரித்த பிறகு கேட்டான். ஐந்து நாள் வாயில் அடக்கிய கற்கண்டு வெறும் கல்லாக இருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை, நாளைக்கு வரும், அவளுக்கு எல்லாமே மறுநாள்தான். இப்போது ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். "நான் திருப்பி ஒரு ரிங் விடுவேன்ல அண்ணே. அது வந்துச்சான்னு ராத்திரி வந்து கேப்பாங்களா?"

சவரிமுத்து தொண்டையைச் செருமினார். பொய் சொல்லத் தெரியாத மனுசன்போல இருந்தது, அல்லது பொய்யைத் தேடி எடுக்கத் தாமதமானது. "ஆரம்பத்துல கேப்பான் தாயி" என்றார். "வேலை அலுப்புல்ல. வந்தவுடனே விழுந்துருவான். நானாத்தான் சொல்லுவேன், வந்துருச்சுடான்னு. ஆனா நீ விடுறது ஒண்ணும் வீணாப் போகல கேட்டியா. நான் கேட்டுக்கிருவேன். அந்த ரிங்கு வந்த பெறகுதான் எந்திரிச்சு டீயே போடுவேன். மாசி மாசம் ஒருநா வரக் காணோம், டீ குடிக்காமலே டூட்டிக்குப் போற மாதிரி ஆகிப்போச்சு." கொஞ்சம் சிரித்தார், சிரிப்பு பாதியில் கூசி நின்றது. "எனக்கு வீட்டுல விட ஆளு இல்ல தாயி. அதுனால சொன்னேன். தப்பா எடுத்துக்கிறாத."

"இல்லண்ணே."

"தெரிஞ்சுபோச்சு உனக்கு. இனிமே நாளைக்கு... விடவா, வேணாமா? தம்பிக்கிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ சொல்றதுதான்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். யாரோ ஒருத்தர் ஆள் வைத்து அடிக்கிற மணி அவளுக்கு எதற்கு? அவளுக்கும் மானம் இருக்கிறது. நாளைக்கு ஐந்தரைக்குப் போனைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, தங்கபாப்பு அக்காளோடு கீரை உருவப் போகலாம். ஐந்தரை வரும். நாலு மணிக்குப் பிறகு நாலரை, நாலரைக்குப் பிறகு ஐந்து, அது எப்படியும் வரும், அதைத் தடுக்க முடியாது. வந்து வெறுமனே நிற்கும். எந்தச் சத்தமும் இல்லாத ஓர் ஐந்தரையை அவள் நினைத்துப் பார்த்தாள், அதற்குப் பிறகு அதேபோல இன்னொன்று, இன்னும் இரண்டு வருடத்துக்கு. பயமாக இருந்தது. மானத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது, அதை ஒத்துக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இல்லை. போன் மறுபடி கீச்சென்றது.

"விடுங்கண்ணே" என்றாள்.

"சரி தாயி."

"ஆனா நீட்டாதீங்க." குரல் இந்த இடத்தில்தான் உடைந்தது, பல்லைக் கடித்துச் சேர்த்துக்கொண்டாள். "கட்டவெரல் ஆறுற வரைக்கும் இன்னொரு கையால அமுக்குங்க. ஒரு ரிங்குதான். அதுக்கு மேல வேணாம்."